இட்டேரிக்குப் போட்ட கேட்

எங்கள் பகுதிக்கு முதல்முறை வருகிறவர்கள் சொல்லி வைத்தாற்போல ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். "ஏனுங்க, சிட்டிக்குப் பக்கத்துலயே இப்படி ஒரு கிராமமா!" அதைக் கேட்டதும் எங்கள் லேஅவுட்காரர்கள் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள், மேற்கே தெரிகிற மலையையும் இவர்களே லாரி வைத்துக் கொண்டுவந்து இறக்கியதுபோல. இங்கே இப்போது நிற்கிற மரங்கள் இவர்கள் வருவதற்கு முன்பு இருந்தவற்றில் பாதி. மீதிப் பாதியை வீடு கட்டும்போது வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தொட்டியில் மூங்கில் வளர்க்கிறார்கள்.

நான் இங்கே வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு முன்பு சிட்டிக்குள்ளே கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தேன். பம்பு மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கடைந்து இடது காது பாதி போய்விட்டது. மீதிக் காதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வந்தவன் நான். எனக்குக் கிராமத்தின் மேல் தனிக் காதல் எதுவும் கிடையாது. ஆனால் கிராமத்தை ரசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கிராமத்தைத் துடைத்து எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் அதற்குத் தகுந்தபடி என் பேச்சைக் கழித்துக்கொள்ளலாம்.

இவர்களுடைய கிராமத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. வண்டிச் சக்கரம் இருக்கலாம், வார்னிஷ் அடித்துக் காம்பவுண்டுச் சுவரில் மாட்டியிருந்தால். வண்டி கூடாது. மயில் போட்டோவில் இருக்கலாம். அதே மயில் காரின் கண்ணாடியில் தன்னையே பார்த்து, வேறு மயில் என்று நினைத்துக் கொத்தினால், வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அழுகைதான். நாட்டுக்கோழி குழம்பில் கொதிக்கலாம், விடியற்காலையில் கூவக் கூடாது. பொங்கலுக்கு எல்லோரும் ஒட்டிக்கோ வேட்டி கட்டிக்கொண்டு பார்க்கில் கூடி, கேஸ் அடுப்பின் மேல் மண்பானை வைத்துப் பொங்குவார்கள். பானை கரி பிடிக்காது, கண் எரியாது. ஒரு வருடம் பானை விரிசல் விட்டுப் பாலெல்லாம் அடுப்பில் வழிந்தபோது, ஒருத்தர் தீயணைப்புக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

இத்தனைக்கும் இவர்களில் ஒருவர்கூட வெளிநாட்டில் பிறந்தவர் இல்லை. எல்லோரும் பொள்ளாச்சிப் பக்கம், காங்கேயம் பக்கம், அந்தியூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, சாணி மிதித்து வளர்ந்தவர்கள்தான். எங்கள் லேஅவுட் சங்கத் தலைவர் வெள்ளகோவில் பக்கத்து ஆள். மில்லுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் சப்ளை செய்து நன்றாக வந்தவர். எந்தக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தாலும் "நானும் சின்ன வயசுல எருமை மேய்ச்சவனுங்க" என்று ஆரம்பிப்பார். உடனே எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த எருமைகள் என்ன ஆயின என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் உண்மையிலேயே பச்சை என்று சொல்ல இருந்தது ஒரே ஒரு இட்டேரி. தோட்டங்களுக்கு நடுவே, இரண்டு பக்கமும் உயிர்வேலி வைத்துப் போகிற மண்தடத்தைத்தான் எங்கள் பக்கம் இட்டேரி என்போம். கிளுவையும் நொச்சியும் நெருங்கி வளர்ந்து, அதன்மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு நிழலாகக் கிடக்கும். தோட்டமெல்லாம் லேஅவுட் ஆன பிறகும் அது மட்டும் தப்பியது. லேஅவுட்டின் வடக்கு ஓரமாக, கிழக்கிலிருந்து மேற்கே பள்ளம் வரைக்கும் போகும். பள்ளம் என்றால் மழை பெய்தால் தண்ணீர் ஓடுகிற ஓடை. இவர்கள் காலையில் நடக்கப் போவது அந்த இட்டேரியில்தான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு குருவிச் சத்தத்தின் நடுவே நடப்பார்கள்.

இட்டேரியின் கிழக்கு முனையில் ஒரு ஓட்டு வீடும் மாட்டுச் சாலையும், அதாவது மாட்டுக் கொட்டகையும், இருந்தன. அங்கே ஒரு அம்மணி தனியாக நான்கு மாடு வைத்துப் பிழைத்து வந்தார். என் மனையை எனக்கு விற்றவர் அவருடைய வீட்டுக்காரர். அப்போது லேஅவுட் என்ற பேச்சே இல்லை, சுற்றிலும் சோளக்காடு. வீட்டுக்காரர் இறந்த பிறகு பங்காளிகள் மிச்சத்தை மனை போடுகிற கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மணி தன் துண்டு நிலத்தை மட்டும் விடவில்லை. தினமும் மாடுகளை இட்டேரி வழியாகப் பள்ளத்தோரப் புறம்போக்குக்கு ஓட்டிப் போய் மேய்த்து, மத்தியானம் திருப்பி ஓட்டி வருவார். பால் பாதி சொசைட்டிக்கு, பாதி எங்கள் வீடுகளுக்கு. லேஅவுட்டில் யார் புது வீட்டில் பால் காய்ச்சினாலும் அவருடைய சாம்பல் வெள்ளை மயிலைப் பசுவும் கன்றும்தான் முதலில் உள்ளே போகும். கிரானைட் தரையில் அது சாணி போட்டால் "ஆஹா, லட்சுமி!" என்று வீட்டுக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதே பசு அதே சாணியை இட்டேரியில் போட்டபோதுதான் லட்சுமி போய் சுகாதாரக் கேடு வந்தது.

ஒரு நாள் காலையில் ஒருத்தருடைய புது வெள்ளை ஷூ சாணியில் பதிந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஷூவின் படம் குழுவில் வந்தது. பிறகு பாதுகாப்பு என்றார்கள், கண்டவனும் நுழைகிறான் என்றார்கள், பாம்பு வரும் என்றார்கள். பாம்பு கேட்டைப் பார்த்துத் திரும்பிப் போய்விடும் என்று எந்த மகராசன் சொன்னானோ தெரியாது. முடிவில் இட்டேரியின் இரண்டு முனையிலும் கேட் போடுவது என்று தீர்மானமாயிற்று. பெரிய கேட் பூட்டிக் கிடக்கும். பக்கத்தில் ஆள் மட்டும் ஒருக்களித்து நுழைய ஒரு சின்ன வழி இருக்கும்.

நான் அதைப் படித்துவிட்டு என் மனைவியிடம் அரை மணி நேரம் இவர்களைக் கிழி கிழி என்று கிழித்தேன். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

பத்து நாள் கழித்துத் தலைவரும் இன்னும் மூன்று பேரும் ஒரு தாம்பாளத்தோடு என் வாசலில் வந்து நின்றார்கள். தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, ஒரு சேலை. "சும்மா ஒரு மரியாதைக்குங்கண்ணா. அந்த அம்மணிய அழைக்கப் போறோம். நீங்க பழகினவரு, கூட வந்தா நல்லா இருக்குமுங்க" என்றார். போனேன். எங்கள் ஊர்க்காரன் வீடு தேடி வந்து கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தை நாங்கள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மணி பாய் விரித்து எல்லோரையும் உட்கார வைத்தார். தலைவர் ஆரம்பித்தார். "நல்லா இருக்கீங்களா அம்மணி? மாடுகன்னெல்லாம் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியந்தானுங்க. ஒண்ணு சினையா இருக்குதுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. ஒண்ணுமில்லீங்க அம்மணி, நம்ம எல்லாருக்கும் பாதுகாப்பா இருக்கட்டும்னு தடத்துக்கு ஒரு கேட்டு போடறோமுங்க. நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம் போலாம். உங்க ஊடு மாதிரி நெனைச்சுக்கோங்க."

"மாடுங்க?"

"மாடு மட்டும் சித்த மெயின் ரோட்டுப் பக்கம் சுத்திக் கூட்டிட்டுப் போயிருங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி." இதைச் சொல்லிவிட்டு அந்த மனுஷன் எழுந்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தை நீட்டினார். "திறப்பு விழாவுக்கு நீங்கதான் முன்னால நிக்கோணும். அந்த மயிலைப் பசுவையும் கூட்டிட்டு வந்துருங்க. கோ பூஜை வச்சிருக்கோமுங்க."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் ஊர் ஓநாய் அழுவதோடு நிற்காது, ஆட்டை நேரில் வந்து விருந்துக்கு அழைக்கும். ஒருத்தியின் வழியை அடைப்பதற்கு அவள் வீட்டுக்கே வெற்றிலை பாக்கோடு போய், அவள் மாட்டையே பூஜைக்குக் கேட்க வேறு எந்த ஊர்க்காரனுக்கும் மனசு வராது. தகராறு செய்திருப்பான், போலீசைக் கூட்டி வந்திருப்பான், அது எவ்வளவோ மேல். அம்மணி தட்டை வாங்கிக்கொண்டு "சரிங்க" என்றார். தட்டோடு வந்தவர்களிடம் வேறு என்ன சொல்ல முடியும்? உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். "இந்தப் பாலோட டேஸ்டே தனிங்க" என்று சொல்லிக் குடித்தார்கள். நானும்தான் குடித்தேன்.

மறுநாள் பால் ஊற்ற வந்த அம்மணி என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"ஏனுங்கண்ணா, உங்க பத்திரத்துல அந்தத் தடத்தப் பத்தி எழுதியிருக்குதுங்களே. எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாருங்க."

எழுதியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். கிரயம் எழுதின அன்று பத்திரம் எழுதுகிறவர் அந்த வரியே வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த தடம்தானே என்றார். அம்மணியின் வீட்டுக்காரர் விடவில்லை, உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகச் சொல்லி எழுத வைத்தார். விற்றவரிடம் பத்திரம் இருக்காது, வாங்கினவனிடம்தான் இருக்கும். லேஅவுட் கம்பெனி பிறகு எழுதின பத்திரங்களில் இட்டேரி என்ற சொல்லே கிடையாது. ஆக, அந்தத் தடம் பொதுத்தடம் என்று காட்ட அந்த ஊரில் இருந்த ஒரே காகிதம் என் பீரோவில் இருந்தது.

"மெயின் ரோட்டுல லாரி எப்படிப் போகுதுன்னு உங்களுக்கே தெரியுமுங்களே. ஒரு பொம்பள நாலு மாட்டப் புடிச்சுட்டு அதுக்குள்ள போக முடியுங்களா? கேட்ட அடைச்சுப்போட்டா பொள்ளாச்சி சந்தைக்குத் தாட்டி உடறதத் தவிர வேற வழியில்லீங்க. நான் போய்ச் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க ஒருக்கா அந்த வரிய மட்டும் எல்லாருக்கும் முன்னால படிச்சுக் காட்டினாப் போதுமுங்கண்ணா."

"வாரேன் அம்மணி. பத்திரத்தையும் எடுத்துட்டு வாரேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அன்றைக்கே பத்திரத்தை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, மஞ்சள் பையில் வைத்துவிட்டேன். அந்த ஆட்களின் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துப் பார்த்தே இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். என்ன பேசுவது என்றுகூட மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "பேசற பேச்செல்லாம் ஊட்டுக்குள்ளயே பேசித் தீத்துப்போடாதீங்க" என்றாள் அவள்.

விழா இட்டேரியின் மேற்கு முனையில், பள்ளத்தோரம். புது கேட்டுக்கு முன்னால் ஷாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். கேட்டுக்கு உள்பக்கம் டிபன் மேஜை. கிராமத்து விருந்தாம், சந்தகையும் கம்பங்கூழும் கேட்டரிங்கில் வந்திருந்தன. அம்மணி பொழுது கிளம்புகையிலேயே மயிலைப் பசுவை இட்டேரி வழியாகக் கூட்டி வந்து ஷாமியானாவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். தட்டில் கொடுத்த சேலையைத்தான் கட்டியிருந்தார். என்னையும் என் கையிலிருந்த மஞ்சள் பையையும் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"வாங்கண்ணா, வாங்க வாங்க" என்று தலைவர் ஓடிவந்து என்னை முன்வரிசைக்குக் கூட்டிப் போனார். எங்கள் ஊரில் ஒருத்தனைச் சாய்க்க அடிக்க வேண்டியதில்லை, முன்வரிசையில் உட்கார வைத்தாலே போதும். ஐயர் பசுவுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, சுற்றி வந்து கற்பூரம் காட்டினார். பெண்கள் வரிசையாக வந்து அதன் பின்புறத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். வெள்ளை ஷூக்காரரும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். அடுத்து பூட்டுக்கும் சாவிக்கும் பூஜை போட்டுப் பெரிய கேட்டைப் பூட்டினார்கள். பிறகு தலைவர் மைக்கைப் பிடித்தார். எருமை மேய்த்ததைச் சொல்லி முடித்துவிட்டு, "இந்த மண்ணுக்கு முதல்முதலா குடி வந்த நம்ம அண்ணன முன்னால அழைக்கிறோமுங்க" என்று என்னைக் காட்டினார்.

நான் எழுந்தேன். இதுதான் சமயம் என்று பையைத் திறக்கப் போனேன். அதற்குள் என் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. கை தட்டினார்கள். சபையில் போட்ட சால்வையை உதறுவது எங்கள் ஊரில் அடிப்பதைவிடப் பெரிய அவமரியாதை. அடுத்து ஒரு தட்டு வந்தது. அதில் கத்தரிக்கோல். சின்ன வழிக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது.

முதலில் வெட்டிவிடுவோம், வெட்டி முடித்ததும் மைக்கை வாங்கிப் படித்துவிடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டினேன். எல்லோரும் கை தட்டிக்கொண்டே என்னை நடுவில் தள்ளி, அந்தச் சின்ன வழியாக உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். மைக்கை ஆஃப் செய்துவிட்டார்கள். என் கையில் ஒரு தட்டு, தட்டில் சந்தகை, மேலே தேங்காய்ப்பால். மஞ்சள் பை அக்குளில் இருந்தது.

அம்மணியும் பசுவும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவர் வீடு இட்டேரியின் மறுமுனையில். கம்பி வழியாகத் தலைவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் பெரிய கேட்டத் தொறந்து உட்டீங்கன்னா இவள ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போயிருவனுங்க."

தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியாதது அதனால்தான். "அய்யோ, பூஜை போட்டுப் பூட்டின பூட்டுங்க அம்மணி. உடனே தொறந்தா நல்லா இருக்காதுங்களே. நீங்களே சொல்லுங்க" என்றார். கூடவே, இரண்டு பொட்டலம் டிபன் கட்டி அம்மணிக்குக் கொடுக்கச் சொன்னார்.

அம்மணி அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கேட்டுக்கும் எனக்கும் நடுவில் நாலு எட்டுதான். வாயைத் திறந்து படித்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. தோளில் ஜரிகைச் சால்வையோடு, கையில் அவர்களுடைய சாப்பாட்டோடு நின்றுகொண்டு நான் சொன்னது இதுதான்: "பாத்துப் போங்க அம்மணி. ரோட்டுல லாரி வரும்."

அவர் பசுவைத் திருப்பிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் போனார். மாலை அதன் கழுத்தில் ஆடிக்கொண்டே போயிற்று. நான் தட்டைக் கீழே வைக்கவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சால்வையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பத்திரத்தை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டு, "பைய தொவைக்கப் போடட்டுங்களா?" என்றாள்.

இரண்டு வாரத்துக்குள் பால் நின்றுவிட்டது. குழுவில் ஒரே புலம்பல். நல்ல நாட்டுமாட்டு ஏ2 பால் எங்கே கிடைக்கும், நம் குழந்தைகளுக்குச் சுத்தமான பால் கிடைக்க வழியே இல்லையா என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். தலைவர் அடுத்த பொங்கலுக்கு ஒரு மாட்டை வாடகைக்குக் கூட்டி வருவதாக அறிவித்தார். அதற்குக் கை கூப்பின படமும் இதயப் படமும் ஏகமாக வந்தன. இந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் இவர்கள் தப்பு செய்கிறோம் என்று தெரியாமல் செய்தவர்கள். தெரிந்து செய்தவன் அங்கே ஒருத்தன்தான் இருந்தான், அவனுக்குத்தான் சால்வை போர்த்தினார்கள்.

ஒரு நாள் பத்திரத்தை நகல் எடுத்துக்கொண்டு அம்மணி வீட்டுக்குப் போனேன். மாட்டுச் சாலை கூட்டிச் சுத்தமாக இருந்தது. முளைக்குச்சிகள் மட்டும் நின்றன. நான்கையும் பொள்ளாச்சிக்கு அனுப்பியாயிற்று, சினை மாட்டையும்கூட. நான் வேகவேகமாகப் பேசினேன். கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம், வக்கீலைப் பார்க்கலாம், நகல் இதோ இருக்கிறது என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இனி எதுக்குங்கண்ணா, மாடே இல்லீங்களே" என்றார். பிறகு நகலைக் காட்டி, "அந்த வரிய ஒருக்கா படிங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அவரு எழுத வச்சத நான் காதால கேட்டதே இல்லீங்க" என்றார்.

படித்தேன். "வடபுறம் கிழமேலாகச் செல்லும் மாமூல் இட்டேரித் தடத்தை எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் இவர்கள் வாரிசுகளும் ஆள், மாடு, வண்டியுடன் எக்காலமும் பொதுவில் போக வர அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இத்தடத்தை எவரும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது." என் குரல் ஒரு இடத்திலும் பிசிறவில்லை. நல்ல கணீரென்ற குரல்தான் எனக்கு, பட்டறையில் மெஷின் ஓடும்போதே கடைசி ஆள் வரைக்கும் கேட்கும்.

"நல்லாத்தான் எழுதியிருக்காருங்க" என்றார் அம்மணி.

நான் எழுந்து கிளம்பினேன். இட்டேரிப் பக்கம் திரும்பக் கூச்சமாக இருந்தது, ரோட்டைப் பார்க்க நடந்தேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, எதுக்கு இந்த வெயில்ல அப்படிச் சுத்திப் போறீங்க? ஆளுதான் போலாமுங்களே. கேட்டு வழியாவே போங்க."

கேட் வழியாகத்தான் வந்தேன்.